பல்வலிதானே என்று இருந்துவிட்டோம்

திருவண்ணாமலை என்றால் எல்லோருக்கும் அருணாசலேஸ்வரர் நினைவுதான் வரும். எங்கள் திருவண்ணாமலை வேறு. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தபடி, சிறு குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் ஊர். தென்திருப்பதி என்றும் சொல்வார்கள். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டம். அந்த ஊர் வட ஆற்காடு மாவட்டம். முகவரியில் 'ஸ்ரீவில்லிபுத்தூர் வழி' என்று எழுத மறந்தால் கடிதம் நேரே அங்கே போய்விடும். கோயம்புத்தூர் நண்பன் ஒருவன் அனுப்பிய கல்யாணப் பத்திரிகை அங்கெல்லாம் சுற்றிவிட்டு, கல்யாணம் முடிந்து எட்டாம் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தது. தபால்காரரைக் குறை சொல்ல முடியாது. பெயர் ஒன்றாக இருந்தால் பெரிய ஊருக்கு அனுப்பத்தானே முதலில் தோன்றும்?

நோயிலும் இப்படி ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

போன புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. மலை ஏறிச் சேவித்துவிட்டு, அடிவாரத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்திருந்தேன். என்னோடு பணியாற்றி எனக்கு முன்பே ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், கன்னத்தைக் கையால் தாங்கியபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன அண்ணாச்சி, பல்லா?"

"பல்லு போயி ரெண்டு மாசம் ஆச்சு சார். எடுத்த இடம்தான் இன்னும் மூடல. அப்பப்ப விண்ணுனு தெறிக்குது. விடுங்க, பல்லுதானே."

'பல்லுதானே' என்ற அந்த ஒரு சொல் என்னை நாற்பது வருடங்களுக்கும் மேலாகப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தியது. அதே சொல்லை நான் ஒருமுறை சொல்லியிருக்கிறேன், என் அக்காவிடம்.

1977-ஆம் வருடம். அக்காவுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாக்கப்பட்டிருந்தாள். சித்திரையில் கீழ்த்தாடையின் இடது பக்கக் கடைவாய்ப் பல்லில் வலி. எல்லோர் வீட்டிலும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். கிராம்பை வைத்துக் கடித்தாள். உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள். பல் ஆடத் தொடங்கியதும் வைகாசியில் பிடுங்கினார்கள். அந்தக் காலத்தில் நம் பக்கத்துச் சிறிய ஊர்களில் பல் மருத்துவம் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். 1948-இல் பல் மருத்துவர் சட்டம் வந்தபோது, பட்டம் இல்லாமல் பல வருடம் தொழில் செய்துவந்தவர்களையும் தனிப் பட்டியலில் பதிவு செய்துகொள்ள இடம் கொடுத்தார்கள். பெரிய ஊர்களில் சீனப் பல் மருத்துவர்களின் பலகை தொங்கும். பல்லுக்கு எக்ஸ்ரே எடுப்பது என்பதை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. அக்காவின் பல்லைப் பிடுங்கியவரும் தனக்குத் தெரிந்த வேலையைச் சரியாகத்தான் செய்தார். ஆடிய பல்லை எடுத்தார், கடித்துக்கொள்ளப் பஞ்சு கொடுத்தார், அனுப்பினார்.

ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு ராஜபாளையத்திலிருந்து நான் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். அவள் உதட்டோரம் காப்பி வழிந்து சேலையில் சொட்டியது. அவளுக்கு அது தெரியவில்லை. நான்தான் சொன்னேன். துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இந்தப் பக்க உதடு என்னுது மாதிரியே இல்லடா தம்பி. மரத்துப் போயிக் கிடக்கு."

நான் சிரித்தேன். "பல்லு பிடுங்குன ஊசி மப்பு இன்னுமா இறங்கல? பல்லுதானேக்கா, சரியாயிரும்" என்றேன். பல் பிடுங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஊசியின் மரப்பு சில மணி நேரத்தில் போய்விடும் என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் சொன்னேன்.

தீபாவளிக்குப் பக்கத்துப் பல்லும் ஆடியது. அதையும் எடுத்தார்கள். மார்கழியில் தாடை வீங்கியது. பொங்கல் கழித்து அத்தானும் நானும் அவளை மதுரைக்கு, நம்மவர்கள் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்றே சொல்லிப் பழகிய பெரியாஸ்பத்திரிக்கு, அழைத்துப் போனோம். அங்கே இருந்த இளம் டாக்டர் ஒருவர், வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே ஒரு பஞ்சுத் திரியால் அவள் உதட்டின் இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்தார். "எப்போதிலிருந்தும்மா இப்படி?" என்று கேட்டார்.

"ஆடிப்பூரத்திலிருந்து" என்றாள் அக்கா.

அவர் அதை எழுதிக்கொண்டார். அவள் சொன்னதை ஒருவர் காகிதத்தில் எழுதியது அன்றுதான் முதல் தடவை.

எக்ஸ்ரே எடுத்தார்கள். சதைத் துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பல்லில் ஒன்றுமே இல்லை. தாடை எலும்புக்கு உள்ளே புற்றுநோய்.

நான் முப்பத்தொரு வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவன். மருத்துவம் படித்தவன் இல்லை. ஆனால் பணி ஓய்வுக்குப் பிறகு, இந்தத் தாடை நோய்களின் வரலாற்றை மட்டும் விடாமல் தேடிப் படித்தேன். என் அக்காவுக்கு நேர்ந்தது அவளுக்கு மட்டும் நேர்ந்ததில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. பெரிய பெரிய ஊர்களிலும், பெரிய பெரிய மனிதர்களுக்கும், பல்வலி என்ற பெயரைப் போட்டுக்கொண்டு வேறு நோய்கள் வந்து போயிருக்கின்றன.

முதலில் ஒரு ஜனாதிபதியின் கதை. அமெரிக்காவின் குரோவர் கிளீவ்லாண்டுக்கு 1893-இல் மேல் அண்ணத்தின் இடது பக்கத்தில் சொரசொரப்பாக ஒரு புண் வந்தது. அதிலிருந்து ஒரு துணுக்கை வெட்டி, இன்னாருடையது என்று சொல்லாமலே பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுத்தன்மை உடையது என்று முடிவு வந்தது. நாட்டில் அப்போது கடும் பண நெருக்கடி. ஜனாதிபதிக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் சந்தை சரிந்துவிடும் என்று பயந்தார்கள். ஜூலை 1-ஆம் தேதி, 'ஒனைடா' என்ற உல்லாசப் படகில், கரைக்குத் தெரியாமல் அறுவை சிகிச்சை நடந்தது. ஜோசப் பிரையன்ட் என்ற மருத்துவரின் தலைமையில், வெளியே தழும்பு தெரியாதபடி வாய் வழியாகவே மேல்தாடையின் இடது பக்கத்தில் பெரும்பகுதியை எடுத்தார்கள். ரப்பரில் செயற்கைத் தாடை செய்து பொருத்தினார்கள். பத்திரிகைகளுக்கு என்ன சொன்னார்கள் தெரியுமா? ஜனாதிபதிக்கு வாதத் தொந்தரவு, கூடவே பல் பிடுங்கினார்கள் என்று. ஆகஸ்ட் மாதம் எட்வர்ட்ஸ் என்ற பத்திரிகையாளர் உண்மையைக் கண்டுபிடித்து எழுதினார். அவரைப் பொய்யர் என்றார்கள். 1917-இல், அந்தச் சிகிச்சையில் கூட இருந்த டாக்டர் கீன் தானே எழுதிய பிறகுதான் ஊர் நம்பியது.

கிளீவ்லாண்டின் வியாதியை மறைக்க அவர்கள் வேறு எந்த நோயை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். பல்லைச் சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டில் யாரும் எதையும் மறைக்கவில்லை. ஆனாலும் பல் என்றதும் நாங்களும் மேற்கொண்டு கேட்கவில்லை. கிளீவ்லாண்டின் மருத்துவர்கள் ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்ததால் அவர் பிழைத்தார். அதற்குப் பிறகு பதினைந்து வருடம் வாழ்ந்தார்.

அவருக்கு வந்தது கண்ணுக்குத் தெரியும் இடத்தில். எலும்புக்குள்ளே வருவதைப் பார்க்க அப்போது வழி இல்லை. அந்த வழியைத் திறந்தவர் ரான்ட்ஜன். 1895 நவம்பரில் எக்ஸ்ரே கதிர்களைக் கண்டார். சில வாரங்களிலேயே, 1896 ஜனவரியில், ஜெர்மனியில் ஓட்டோ வால்காஃப் என்ற பல் மருத்துவர் தன் பற்களையே படம் எடுத்தார். ஒரு படத்துக்கு இருபத்தைந்து நிமிடம் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. நம் சென்னையில் பொது மருத்துவமனையை ஒட்டிப் பர்னார்டு கதிரியக்க நிலையம் 1934-இல் திறந்தது. பிறகு பின்லாந்து நாட்டின் பாட்டேரோ, தாடை முழுவதையும் காதிலிருந்து காதுவரை ஒரே படத்தில் காட்டும் முறையை உருவாக்கினார். இன்று நம் ஊர்ப் பல் மருத்துவமனைகளிலேயே, முகத்தைச் சுற்றி ஒரு கருவி சுழன்று எடுக்கிறதே, ஓ.பி.ஜி. என்கிறார்களே, அதுதான்.

நம் நாட்டில் வாய்ப்புற்று என்றாலே வெற்றிலை பாக்குப் புகையிலைதான் முதலில் நினைவுக்கு வரும். அதற்கும் நம் பக்கத்திலேயே வரலாறு இருக்கிறது. 1902-லேயே சென்னைப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய நிப்லாக் என்ற மருத்துவர், இந்தியாவில் காணும் புற்றுநோய்களைப் பற்றி எழுதும்போது வெற்றிலை போடும் பழக்கத்தைக் குறிப்பிட்டார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் சோமர்வெல் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் சிகரம் ஏறப் போனவர். மலையை விட்டுவிட்டு நெய்யூர் நோயாளிகளோடு தங்கிவிட்டார். அதே மருத்துவமனையின் டாக்டர் ஓர், 1933-இல் லண்டன் லான்செட் இதழில் திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களின் வாய்ப்புற்று பற்றி விரிவாக எழுதினார். முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை மனதில் வைத்து, 1954 ஜூனில் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். இவர்கள் எல்லோரும் அதிகம் பார்த்தது கன்னத்திலும் நாக்கிலும் ஈறிலும் வரும் புற்று. கண்ணாடியில் பார்த்தாலே தெரியும். விரலால் தொட்டால் தட்டுப்படும்.

என் அக்கா வெற்றிலை போட்டதில்லை. கல்யாண வீட்டில் தாம்பூலம் கொடுத்தால்கூடப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவாள். அவளுக்கு வந்தது இன்னொரு வகை. தாடை எலும்பிலேயே பிறப்பது. இந்த வகைகள் மிகவும் அபூர்வம். எலும்பில் பிறப்பது உண்டு. பல் முளைக்க உதவிய திசுக்களின் மிச்சத்திலிருந்து கிளம்புவது உண்டு. மேல்தாடைக்கு மேலே கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறையில் தோன்றி, மேல் பல் வலி போலவே காட்டுவது உண்டு. உடம்பின் வேறு இடத்தில், மார்பிலோ நுரையீரலிலோ சிறுநீரகத்திலோ இருக்கும் புற்று தாடைக்கு வந்து தங்குவதும் உண்டு. இவற்றில் பலவற்றுக்கு ஆரம்பத்தில் ஈறு நன்றாக இருக்கும். புண் இருக்காது. ஒரு பல் ஆடும், வலிக்கும். அவ்வளவுதான். வெற்றிலை போடாதவர், வாயில் புண் இல்லாதவர் என்பதாலேயே சந்தேகமும் வராது.

பல்லை எடுத்த பிறகும் தாடை சொல்வதைக் கேட்காமல் விட்ட கதைகளில் இரண்டு, தொழிற்சாலைக் கதைகள். ஒன்று நமக்கு மிகவும் பக்கத்துச் சரக்கு: தீப்பெட்டி. அது புற்றுநோய் இல்லை, எலும்பு செத்துப்போகும் நோய். ஆனால் தொடங்குவது பல்வலியாகத்தான். வெள்ளைப் பாஸ்பரஸ் கொண்டு தீக்குச்சி செய்த ஐரோப்பியத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களுக்குப் பல்வலி வரும், பல்லைப் பிடுங்குவார்கள், குழி ஆறாது, சீழ் பிடித்துத் தாடையே கரையும். வியன்னாவின் லோரின்ஸர் 1845-இல் இதை எழுதிவைத்தார். 1888-இல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களுக்காகப் பேனா எடுத்தவர், பிற்பாடு நம் அடையாற்றுக்கு வந்து வாழ்ந்த அன்னி பெசன்ட் அம்மையார். இந்தியாவில் 1913-இல் சட்டம் போட்டு வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்தார்கள். சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொழில் கற்கக் கல்கத்தா போனது 1922-இல். சட்டம் ஒன்பது வருடம் முந்திக்கொண்டது. நம் ஊர் தீப்பெட்டியின் பக்கவாட்டில் பூசுவது சிவப்புப் பாஸ்பரஸ். அது தாடையைத் தின்னும் பாஸ்பரஸ் இல்லை. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலுக்கு எத்தனையோ கஷ்டங்கள் உண்டு. இந்த ஒரு கஷ்டம் அதற்கு முன்பே தடுக்கப்பட்டுவிட்டது.

இரண்டாவது, அமெரிக்காவின் நியூஜெர்சியில் கடிகார முகப்புக்கு ரேடியம் வண்ணம் தீட்டிய பெண்களின் கதை. இருட்டில் எண்கள் ஒளிர்வதற்காக அந்த வண்ணம். தூரிகை முனை கூராக இருக்க உதட்டில் வைத்துச் சுழற்றச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மாலி மேகியா என்ற இளம்பெண்ணுக்குப் பல்வலி வந்தது. பல் மருத்துவர் ஒரு பல்லை எடுத்தார். ஆறவில்லை. அடுத்ததையும் எடுத்தார். அதுவும் ஆறவில்லை. கடைசியில் தாடை எலும்பே கையோடு வந்துவிட்டது. 1922-இல் அவர் இறந்தபோது மேகநோய் என்று எழுதிவிட்டார்கள். 1924-இல் நியூயார்க்கில் தியோடர் பிளம் என்ற பல் மருத்துவர், இதேபோன்ற ஒரு தாடையைப் பார்த்துவிட்டு, "நீ என்ன வேலை செய்கிறாய்?" என்ற திசையில் யோசித்து, இதற்கு ரேடியம் தாடை என்று பெயரிட்டார். பின்னாளில் அந்தப் பெண்களில் பலருக்கு எலும்புப் புற்றும் வந்தது. ஐந்து வருடம் கழித்து மேகியாவின் உடலைத் தோண்டி எடுத்துச் சோதித்தார்கள். மேகநோய் இல்லை, எலும்பெல்லாம் ரேடியம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த கதை. 1957. ஆப்பிரிக்காவில் உகாண்டாவின் கம்பாலா நகரில் முலாகோ மருத்துவமனை. டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர். சிறு வயதில் ஒரு விபத்தில் ஒரு கண்ணை இழந்தவர். ஒரு நாள் சக மருத்துவர் டிரோவெல் ஐந்து வயதுப் பையன் ஒருவனைக் காட்ட அவரை அழைத்தார். மேல்தாடை, கீழ்த்தாடை, இடது, வலது என்று நான்கு பக்கமும் வீக்கம், பற்கள் ஆடின. பல் சீழாக இருந்தால் ஒரு பக்கம் வீங்கும். நான்கு பக்கமும் எப்படி வீங்கும்? பர்கிட்டுக்கு விடை தெரியவில்லை. ஆனால் கேள்வியை மறக்கவில்லை. சில வாரம் கழித்து ஜின்ஜா என்ற ஊர் மருத்துவமனைக்குப் போனவர், ஜன்னல் வழியே வெளியே பார்த்தபோது, புல்வெளியில் தாயோடு உட்கார்ந்திருந்த ஒரு குழந்தையின் முகம் அதே மாதிரி வீங்கியிருப்பதைக் கண்டார். ஓடிப்போய்ப் பார்த்தார். அந்தக் குழந்தைக்கு வயிற்றிலும் கட்டி இருந்தது.

அன்றிலிருந்து பழைய பதிவேடுகளைப் புரட்டினார். தனித்தனி நோய்களாக எழுதிவைத்திருந்த பலவும் ஒரே நோய் என்று 1958-இல் எழுதினார். 1961-இல் பழைய கார் ஒன்றை வாங்கி, இரண்டு நண்பர்களோடு சுமார் பத்தாயிரம் மைல் சுற்றி, எந்த ஊரில் இந்த நோய் இருக்கிறது, எந்த ஊரில் இல்லை என்று வரைபடம் போட்டார். அவருடைய பேச்சை லண்டனில் கேட்ட எப்ஸ்டீன் என்ற விஞ்ஞானி, 1964-இல் தன் சகாக்களோடு அந்தக் கட்டியில் ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார். மனிதப் புற்றுநோயோடு தொடர்புடையதாக முதன்முதலில் தெரிய வந்த வைரஸ் அதுதான். மருந்தாலேயே குணமாக்க முடியும் என்று ஆரம்ப காலத்தில் தெரிந்துகொண்ட புற்றுநோய்களில் பர்கிட் நோயும் ஒன்று. இத்தனையும், 'பல் ஆடுகிறது' என்பதோடு நிறுத்திக்கொள்ளாத ஒருவரால் வந்தது.

இப்போது அக்காவின் உதட்டுக்கு வருகிறேன். கீழ்த்தாடை எலும்புக்கு உள்ளே ஒரு கால்வாய் ஓடுகிறது. அதன் வழியாக வரும் நரம்புதான் கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு கொடுக்கிறது. எலும்புக்குள் வளரும் புற்று அந்த நரம்பை அழுத்தினால் அல்லது அரித்தால் உதடு மரத்துப்போகும். பல் பிடுங்கும்போது நரம்பு அடிபட்டாலும், எலும்பில் கடும் சீழ் பிடித்தாலும் மரக்கலாம். ஆனால் காரணம் தெரியாமல் ஒரு பக்க உதடு மரத்தால் அதை உடனே தேடிப் பார்த்தாக வேண்டும். மார்பகப் புற்று இருந்த ஒரு பெண்ணுக்குக் கீழ் உதடு மரத்துப்போனதை இங்கிலாந்தின் சார்லஸ் பெல் 1830-லேயே எழுதிவைத்துவிட்டார். ஆடிப்பூரத்தன்று என் அக்கா காப்பி டம்ளரோடு என்னிடம் சொன்னதை, 147 வருடத்துக்கு முன்பே ஒருவர் புத்தகத்தில் எழுதியிருந்தார். அதை முதன்முதலாகப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மதுரையில் அக்காவின் கீழ்த்தாடையில் பாதியை எடுத்தார்கள். கஞ்சியும் பாலுமாக ஒரு வருடத்துக்கு மேல் இருந்தாள். 1978 புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, முகத்தில் சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு, அத்தானின் தோளைப் பிடித்தபடி எங்கள் மலைப் படிகளை ஒவ்வொன்றாக ஏறினாள். மறு வருடம் ஐப்பசியில் போய்விட்டாள். ஆடியிலேயே மதுரை போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் ஆறு மாதம் முன்னால் தெரிந்திருக்கும். அந்த ஆறு மாதம் என் கையில் இருந்தது.

வாசகர்களைப் பயமுறுத்த நான் இதை எழுதவில்லை. நூறு பேருக்குப் பல்வலி வந்தால் அத்தனை பேருக்கும் அநேகமாகப் பல்தான் காரணம். சொத்தைப் பல், ஈறு வீக்கம், உடைந்த பல். பல் மருத்துவரிடம் போனால் சரியாகிவிடும். சரியாகாமல் போகும்போது என்ன செய்வது என்பதுதான் என் பேச்சு. எனக்குத் தெரிந்த பல் மருத்துவர்களைக் கேட்டும் படித்தும் நான் குறித்துவைத்திருப்பவை இவை.

பல் எடுத்த குழியின் மேல் இரண்டு மூன்று வாரத்தில் ஈறு மூடிக்கொள்ள வேண்டும். மூடாமல், சதை துருத்திக்கொண்டு வந்தால், மறுபடி காட்ட வேண்டும். மற்ற பற்கள் உறுதியாக இருக்கும்போது ஒரே ஒரு பல் மட்டும் காரணம் இல்லாமல் ஆடினால் சொல்ல வேண்டும். பல்லை எடுத்த பிறகும், அல்லது வேர் சிகிச்சை செய்த பிறகும், அதே வலி அதே இடத்தில் இருந்தால் சொல்ல வேண்டும். உதடோ முகவாயோ மரத்தால் சொல்ல வேண்டும். நன்றாகப் பொருந்திய பல்செட் திடீரென்று ஒரு பக்கம் மட்டும் பொருந்தாமல் போனால், தேய்த்துச் சரிசெய்வதற்கு முன் தாடையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். மேல் பல் வலியோடு ஒரு பக்க மூக்கு அடைப்பு, அதே மூக்கில் ரத்தம், கண்ணில் நீர் என்று சேர்ந்து வந்தால் சொல்ல வேண்டும். வாய்ப்புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் காட்ட வேண்டும்.

எப்போதாவது புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்திருந்தால், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் அதைப் பல் மருத்துவரிடம் சொல்லுங்கள். எலும்பு உறுதிக்காக மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் அதையும் சொல்லுங்கள். அவற்றில் சில மருந்துகளால் பல் எடுத்த குழி ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரிவதை 2003-இல் அமெரிக்காவின் ராபர்ட் மார்க்ஸ் என்ற மருத்துவர் கவனித்து எழுதினார். அந்தப் பழைய தீப்பெட்டி நோயைப் போலவே இருந்ததாம். அதற்காக நீங்களாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது. டாக்டரிடம் சொன்னால் போதும்.

இன்னொன்று. "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று சொல்லிச் சதைச் சோதனைக்குப் பயப்படுகிறவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். என் அத்தானும் அப்படித்தான் பயந்து, மதுரையில் கையெழுத்துப் போடாமல் ஒரு நாள் முழுதும் தாமதித்தார். எக்ஸ்ரேயும் ஸ்கேனும் சந்தேகத்தைக் காட்டும். இன்ன நோய் என்று சொல்வது அந்தத் துணுக்குதான். புற்று பரவுவது துணுக்கு எடுப்பதால் இல்லை. எடுக்காமல் காலம் கடத்துவதால்தான்.

அடிவாரத்தில் சந்தித்த நண்பரை நான் அன்று விடவில்லை. அக்காவின் கதையைச் சொன்னேன். மறுநாளே மகனோடு போய்ப் படம் எடுத்தார். பல் எடுத்தபோது உடைந்து உள்ளே நின்றுவிட்ட சிறு வேர்த்துண்டு ஒன்று இருந்தது. அதை எடுத்தார்கள். கூடவே கொஞ்சம் சதையையும் சோதனைக்கு அனுப்பினார்கள். பயப்பட ஒன்றும் இல்லை என்று வந்தது. "கடிச்சுக்கப் பஞ்சுத் துணி கொடுத்தாங்க சார். நம்ம சத்திரப்பட்டித் தறியில நெஞ்சதாத்தான் இருக்கும்" என்று சிரித்தார். மூன்று வாரத்தில் குழி மூடிவிட்டது. கால் கிலோ பால்கோவாவோடு வீட்டுக்கு வந்தார். "வீணா அலைய விட்டுட்டீங்களே" என்றார். நானும் அப்படித்தான் ஆக வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

உங்கள் வீட்டில் யாராவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் "பல்லுதானே" என்று சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். மதுரையில் அந்த இளம் டாக்டர் என் அக்காவிடம் கேட்டதைக் கேளுங்கள். "எப்போதிலிருந்து?" என்று கேளுங்கள். பதில் மூன்று வாரத்தைத் தாண்டினால், அன்றைக்கே கிளம்புங்கள்.